மாவு மில் மாடி ஹெட்போன்

சுண்ணாம்புக்காரத் தெருவில் சுடலைமுத்து அண்ணாச்சியின் மாவு மில் மதியம் ஒரு மணிக்கு நின்றதும், மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் ஆணியில், ஒயர் எதிலும் சொருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்த பழைய ஹெட்போன், செத்துப்போன செல்வகனியின் குரலில் பாடத் தொடங்கியது. அன்று திங்கட்கிழமை, தூத்துக்குடியில் மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, கேப்பையும் கோதுமையும் அரிசியும் திரிக்கக் கொண்டுவந்த பதினேழு பேர் கீழே வரிசையில் இருந்தோம், அதில் ஒருவர்கூடப் பயந்து ஓடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் எதிர்வீட்டில் இடியாப்பம் அவித்து விற்கிறவள், அன்றைக்கு என் டோக்கன் ஒன்பது, ஒன்பதாம் டோக்கனை விட்டுவிட்டு ஓடினால் பிறகு இருபதாம் டோக்கன்தான் கிடைக்கும்.

அந்த ஹெட்போனைத் தெருவே அறியும். தலைப்பட்டை ஒடிந்து கருப்பு டேப் சுற்றியது, இடது பக்கம் ஒயரை ஒரு தினுசாக மடக்கிப் பிடித்தால்தான் பேசுவது, காதில் பொருந்தும் மெத்தை உரிந்து உரிந்து கருந்துகளாக உதிர்வது. மாடியில் பாடிவிட்டு இறங்குகிறவர்களின் காதோரத்தில் அந்தத் துகள் ஒட்டியிருக்கும், அதை வைத்தே இவர் பாடிவிட்டு வருகிறார், இவர் சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறார் என்று கண்டுபிடித்துவிடுவோம். கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டித் தலைவர் ஒருவர் ஒரு வரிகூடப் பாடாமல், துகளை மட்டும் விரலால் எடுத்துக் காதில் அப்பிக்கொண்டு இறங்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. பொறுக்கமாட்டாமல் செல்வகனி, பச்சையில் மஞ்சள் பூப்போட்ட தன் பழைய ரவிக்கையை வெட்டி இரண்டு உறை தைத்து அந்த மெத்தைகளுக்கு மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகும் துகள் உதிர்ந்தது, ஆனால் கொஞ்சம் கூச்சத்தோடு உதிர்ந்தது.

கூடம் ஞானதுரை அண்ணனுடையது. செல்வகனி அவருடைய மனைவி. கீழே மில் ஓடினால் மாடித் தரையே அதிரும், எந்த மைக்கும் அதற்கு முன்னால் நிற்காது, அதனால் அண்ணாச்சி சாப்பிட்டுத் தூங்கும் ஒரு மணியிலிருந்து நான்கு மணிவரைதான் மாடியில் பதிவு. அந்த மூன்று மணி நேரத்துக்குள் சர்ச் பாட்டும் முத்தாரம்மன் பாட்டும் தசராக் குழுப் பாட்டும் நகைக்கடை விளம்பரமும் ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகும் அறிவிப்பும் முடிந்தாக வேண்டும். ஊரெல்லாம் சாப்பிடும் நேரத்தில் பாடிவிட்டு, நான்கு மணிக்கு மேல் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டவள் செல்வகனி.

அவள் பாடியதற்கு டிராக் என்று பெயர். மெட்டுப் போட்டவர் வாய்க்குள் முனகியதைக் கேட்டு, மூச்சு எங்கே விடுவது, எந்த வார்த்தையை எங்கே நீட்டுவது என்று அவளே தீர்மானித்துச் சுத்தமாகப் பாடி வைப்பாள், பிறகு ஒருநாள் பேர் போடுகிற பாடகி வருவாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு காதுக்குள் செல்வகனியைக் கேட்டபடியே அவள் மேல் பாடுவாள், பாடி முடித்ததும் ஞானதுரை அண்ணன் செல்வகனியை அழித்துவிடுவார். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் அப்படித்தான், கம்ப்யூட்டரில் இடமும் வேண்டுமே. வீடு கட்டி முடிச்சா சாரத்தப் பிரிக்கத்தான செய்வாக என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். நீளமான ஒரு நோட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி, கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘அழித்தாச்சு’, அதில் ஒரு டிக்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பாள், இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பார். பாட்டு முடிந்ததும் அவள் கேட்பாள், “சரியா வந்துச்சா?” அவர் மேசையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு, அதை அமுக்கிப் பேசினால் ஹெட்போன் வழியாக அவள் காதில் கேட்கும். வரவில்லை என்றால் “இன்னொருக்க” என்பார். வந்திருந்தால் “அடுத்தது” என்பார். பதினோரு வருடத்தில் இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அந்தப் பொத்தான் வழியாக எதுவும் போனதில்லை. அவர் மோசமான மனிதர் இல்லை, மூன்று மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க நினைக்கிற மனிதர், அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு துறைமுகத்துப் பக்கத்துச் சர்ச்சுக்காக ஒரு கிறிஸ்துமஸ் தாலாட்டுக்கு டிராக் பாடினாள். பாடி முடிக்கும் நேரத்தில் ஞானதுரை அண்ணனுக்கு ஏதோ போன் வந்தது, எப்போதும் பாட்டு முடிந்த கையோடு பதிவை நிறுத்துகிறவர் அன்றைக்கு நிறுத்த மறந்தார், அதனால் “சரியா வந்துச்சா?” என்று அவள் கேட்டதும் பாட்டோடு சேர்ந்து பதிவாகிவிட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பொத்தானை அமுக்கி “அடுத்தது” என்றார். அடுத்த பாட்டு எதுவும் இருக்கவில்லை. ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், கிறிஸ்துமஸ் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால், அந்தத் தாலாட்டைப் பாட மரியரத்தினம் டீச்சர் வந்தார். செல்வகனியின் டிராக் மேல் பதினோரு வருடமாகப் பாடிவந்தவர் அவர்தான். அழுதுகொண்டே பாடினாலும் பாட்டு நன்றாகவே வந்தது. ஞானதுரை அண்ணனின் கை, அவரைக் கேட்காமல், பழகிய பழக்கத்தில், டிராக்கை அழித்து, கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்து, நோட்டில் டிக்கும் போட்டுவிட்டது. டீ குடிக்க இறங்கியவர் எட்டாவது படியில் நின்றுவிட்டதை நான் எதிர்வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அந்தச் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் குரலை அவர் தேடாத இடம் இல்லை. கல்யாண வீடியோவைப் போட்டால் தாலி கட்டுவதிலிருந்து பந்தி முடியும்வரை சினிமாப் பாட்டாகவே சேர்த்து வைத்திருந்தான் வீடியோக்காரன், செல்வகனி வாயசைக்கிறாள், வேறு யாரோ பாடுகிறார்கள். போனில் பேசியதெல்லாம் பேசிய அன்றே போயிற்று. ஊரில் அத்தனை பேர் குரலையும் பதிந்து வைத்த மனிதரிடம் தன் பெண்டாட்டியின் குரல் ஒரு விநாடிகூட இல்லை, பாட்டுக்காரி வீட்டில் பாட்டு இல்லை.

திங்கட்கிழமை ஹெட்போன் பாடியது. அவள் பதினோரு வருடத்துக்கு முன்னால் முதன்முதலில் பாடிய டிராக், குலசைத் தசராவுக்கான முத்தாரம்மன் பாட்டு, அழித்த வரிசையில் முதலாவது. ஒன்றிலிருந்து நான்குவரை அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடியது, நான்கு மணிக்கு மில் ஓடத் தொடங்கியதும் நின்றது. செவ்வாய்க்கிழமை இரண்டாவது பாட்டு. அப்படி ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, பாடி முடித்த பாட்டு மறுபடி வராது. ஞாயிறு மில் லீவு, அவளுக்கும் லீவு.

எங்கள் தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மாநகராட்சித் தண்ணீர் இரண்டு மணி நேரம் முந்தி வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படித்தான். முதல் வாரம் எல்லோரும் மாடிக்கு ஏறினார்கள், நெரிசலில் ஒரு படி பெயர்ந்தது, உடனே அண்ணாச்சி மாவு டோக்கனையே பாட்டுக்கும் கொடுக்கத் தொடங்கினார், ஆளுக்கு ஒரு தடவை காதில் வைத்துக் கேட்கலாம், கேட்டுவிட்டுத் துகளைத் துடைத்துக்கொண்டு இறங்க வேண்டும். மீன்காரி ரீத்தம்மாள் ஒரு மணிக்கு மேல் எங்கள் தெருவில் மட்டும் கூவாமல் கையால் சைகை காட்டி விற்றாள். கொடை கமிட்டி ஹெட்போனைக் கோயிலில் வைக்கலாம் என்றது, சர்ச் கமிட்டி கல்லறைத் தோட்டத்தில் வைக்கலாம் என்றது, ஃபாதர் வந்து காதில் வைத்து முழுப்பாட்டையும் கேட்டார், கேட்டது சுடலைமாடன் பாட்டு, “நல்லாப் பாடியிருக்கு பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காயல்பட்டினத்திலிருந்து ஒரு தகப்பன் வந்து, கடலுக்குப் போய்த் திரும்பாத தன் மகன் எப்போதாவது இதில் பேசுவானா என்று கேட்டபோது, ஞானதுரை அண்ணன் “அவரு இங்க வந்து பாடினாராய்யா?” என்று கேட்டார், இல்லை என்றதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மாதத்தில் எங்களுக்குப் பழகிவிட்டது. செல்வகனி பாடத் தொடங்கியதும் மாத்திரையைப் போடு, செல்வகனி நிறுத்தியதும் பிள்ளையை எழுப்பு என்று நேரம் சொல்ல அவள் பயன்பட்டாள். மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும், அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழகாதவர் ஒருவர்தான். நோட்டில் நானூற்று ஏழு பாட்டு இருந்தது, ஒவ்வொரு நாளும் அவர் ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார். முதல் பாட்டில் இருபத்தாறு வயதுக் குரல், நாளாக நாளாக அவள் வயது ஏறிக்கொண்டே வந்தது, அவர் கண்முன்னாலேயே அவள் மறுபடியும் அந்த ஐப்பசியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். கடைசிப் பாட்டின் கடைசியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் என்னிடம் சொன்னார், “பாப்பா, நானூத்தி ஏழாவது பாட்டுல அவ என்கிட்ட ஒரு கேள்வி கேப்பா. நான் அதுக்கு என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியும்லா?” தெரியும் என்றேன்.

அவள் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள், அவர் முதல் நாளே அதைத்தான் செய்தார். ஹெட்போனை மைக்கின் வாயில் வைத்தார். எங்கள் காதுக்கெல்லாம் கேட்ட பாட்டு மைக்குக்குக் கேட்கவில்லை, வெறும் அறைதான் பதிவாகியிருந்தது. ஆனால் வேறு யாராவது அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடினால், அவர்கள் குரலுக்கு அடியில் செல்வகனியும் கசிந்து விழுந்தாள். உயிரோடு இருந்தபோது யாராவது மேலே பாடத்தானே அவள் பாடினாள், இப்போதும் யாராவது மேலே பாடினால்தான் அவள் பதிவில் நின்றாள். அந்தக் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க அவர் எத்தனையோ வழியில் பார்த்தார். கலந்த மாவைச் சலித்தால் கேப்பை வேறு கோதுமை வேறாகவா விழும்?

அதனால் வந்தது வினை. அம்மன் பாட்டுக்கு அடியில் மாதா பாட்டுக் கேட்டது, மாதா பாட்டுக்கு அடியில் சுடலைமாடன் வந்து நின்றார். நகைக்கடை விளம்பரத்தில், செய்கூலி இல்லை சேதாரம் இல்லை என்பதற்குப் பின்னால் ஒரு ஒப்பாரி மெதுவாக ஓடியது, கடைக்காரர் படியேறி வந்து, “அண்ணே, தாலி எடுக்க வாரவ அழுதுக்கிட்டே திரும்பிப் போறாவ” என்றார். ஒவ்வொருவராகப் பாளையங்கோட்டைக்குப் பதிவு செய்யப் போனார்கள். போகும்போது, ஒரு நல்ல ஹெட்போனா வாங்கிப் போடுங்கண்ணே, இறந்தவங்க மேல மரியாதை உண்டு, அதுக்காக விளம்பரத்துலயா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் வாங்கவில்லை. ஹெட்போனின் இடது பக்கம் முழுதாகச் செத்து, வலது பக்கமும் கரகரக்கத் தொடங்கி, பாட வந்த ஒரு பெண் காதில் எதுவுமே கேட்கவில்லை என்று அழுதுவிட்டுப் போன பிறகுதான், நோட்டில் இன்னும் பதினோரு பாட்டு மீதி இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு பஸ் ஏறினார். மில்லுக்கு பெல்ட் வாங்க வேண்டும் என்று சுடலைமுத்து அண்ணாச்சியும் கூடப் போனதால் அங்கே நடந்தது எங்களுக்குத் தெரியும்.

கடைக்காரர் ஹபீப் மூன்று ஹெட்போனை மேசையில் வைத்தார். “பாடுறவங்களுக்காண்ணே, மிக்ஸ் பண்ற உங்களுக்கா?”

“ரெண்டுக்கும் ஒண்ணுதான் தம்பி.”

“அங்கதாண்ணே சிக்கலு. பாடுறவங்களுக்கு மூடினது வேணும், காதுல போற சத்தம் வெளிய ஒழுகி மைக்ல விழுந்துரக் கூடாது. மிக்ஸ் பண்றதுக்குத் திறந்தது சொகமா இருக்கும்.”

ஞானதுரை அண்ணன் கேட்டுப் பார்க்கக் கொண்டுபோயிருந்தது அந்த நகைக்கடை விளம்பரத்தை. முதல் ஹெட்போனில் எல்லாமே கும்மென்று இனித்தது, விளம்பரம் பேசியவன் ராஜா மாதிரிக் கேட்டான், செல்வகனியைக் காணோம். “இது பொய் சொல்லுது” என்று கழற்றி வைத்தார். இரண்டாவது திறந்தது, அதில் கடையின் காற்றாடிச் சத்தமும் கேட்டது, அவளும் கேட்டாள், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஹபீபுக்கும் கேட்டுவிட்டது, “யாருண்ணே பின்னால பாடுறது?” என்றார். ஞானதுரை அண்ணன் அதையும் கழற்றி வைத்தார். மூன்றாவது மூடியது, பார்க்க அழகில்லாதது, அதை மாட்டியதும் மதுரையே இல்லாமல் போயிற்று என்று சொன்னாராம். அதில் சத்தம் பெரிதாகவும் இல்லை, இனிப்பாகவும் இல்லை, ஆனால் எந்தப் பொடிச் சத்தமும் தப்பவில்லை, விளம்பரக்காரன் எச்சில் விழுங்கியது கேட்டது, அதற்கு அடியில் ஒப்பாரியின் மூன்றாவது வரிக்கு முன்னால் செல்வகனி மூச்சை இழுத்தது கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு அந்த மூச்சையே ஏழெட்டுத் தடவை கேட்டார்.

“நல்ல செட்டுண்ணே அது” என்றார் ஹபீப். “ஒரு சொட்டு வெளிய ஒழுகாது.”

“அதான் தம்பி பயமா இருக்கு” என்றார் ஞானதுரை அண்ணன். ஆனாலும் அதைத்தான் எடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணாச்சி மடியில் பெல்ட்டும் அவர் மடியில் பெட்டியும் இருந்தன.

திங்கட்கிழமையிலிருந்து பாட வருகிறவர்களுக்குப் புது ஹெட்போன். பழையதைப் பச்சை உறையோடு கீழே கொண்டுவந்து மில்லில் தராசுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். மேலே சுத்தமான பதிவு நடந்தது, கீழே மாவு மூட்டைகளுக்கு நடுவே செல்வகனி யாருடைய பாட்டுக்கும் அடியில் விழாமல் பாடிக் காற்றோடு போனாள். பத்து மீதி.

செவ்வாய்க்கிழமை மரியரத்தினம் டீச்சர் வந்தார். தராசடியில் நின்று பாட்டைக் கேட்டார், கேட்கக் கேட்க உதடு அசைந்தது.

“இந்தப் பத்தும் நான் பாடுன பாட்டுல்லா அண்ணே” என்றார். “அந்தப் பழசயே மாட்டிக்கிட்டு அவ பாடப் பாட நானும் அதே பாட்டப் பாடுதேன். அம்மன் பாட்டுல மாதா பாட்டு விழுந்தாத்தான் குத்தம். அதே பாட்டுல அதே பாட்டு விழுந்தா அவ பாட்டுக்கு இருப்பா. உங்களுக்கும் அவ குரலு கெடைக்கும்.”

வேறு பதிவையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு மூன்று நாள் பாடினார்கள். பதிந்ததைக் கேட்க ஞானதுரை அண்ணனுக்குப் பயம், மூன்றாம் நாள் முடிந்த பிறகுதான் புது ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எச்சில் விழுங்குவதைக்கூட ஒளிக்காத அந்த ஹெட்போனில் டீச்சர் குரல் மட்டும்தான் இருந்தது. டீச்சருக்கு மாட்டிவிட்டார். டீச்சர் கேட்டார், முகம் வெளிறிப்போயிற்று. செல்வகனி எங்கே மூச்சு விட்டாளோ அங்கேயே டீச்சரும் விட்டிருந்தார், எங்கே நீட்டினாளோ அங்கேயே நீட்டியிருந்தார், அவளிடம் கேட்டுப் படித்த பாட்டு ஆனதால் ஒரு மயிரிழைகூட விலகவில்லை, விலகாததால் அடியில் இருந்தவள் தெரியவே இல்லை.

“நான் பாடுனேன்னு ஊரு சொன்னதெல்லாம் அவ பாடுனது” என்றார் டீச்சர். “இப்ப அவளுக்கு மிஞ்சுனதயும் நானே மூடிட்டேன்.” அந்த அம்மாள் அப்படி அழுது நாங்கள் பார்த்ததில்லை, கீழே டோக்கனோடு நின்றவர்கள் எல்லோரும் அவரவர் மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மீதிப் பாட்டுகளை அவர் போகவிட்டார். தினமும் தராசடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒன்றிலிருந்து நான்குவரை கேட்டுவிட்டு, பென்சில் கோடு போட்டுவிட்டு எழுந்து போவார்.

நானூற்று ஏழாவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டே முக்காலுக்கே அண்ணாச்சி மில்லை நிறுத்திவிட்டார், அவர் வாழ்நாளில் முதல் தடவை. ஞானதுரை அண்ணன் ஆணியிலிருந்து ஹெட்போனை எடுத்து மாடிக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் கம்பியை அவள் உயரத்துக்கு இறக்கினார், அவள் குள்ளம், நன்றாகவே இறக்க வேண்டியிருந்தது. ஹெட்போனை அந்தக் கம்பியில் மாட்டி, கீழே வந்ததிலிருந்து சும்மா தொங்கிய ஒயரை அதன் பழைய துளையில் சொருகி, அது பேசும் தினுசுக்கு மடக்கி டேப் ஒட்டினார். டீச்சர் பின்னாலேயே வந்தார்.

“அண்ணே, கடைசிப் பாட்டு. வேற ஏதாவது, பள்ளிக்கூடப் பிரேயராவது, நான் அவ மேல பாடுதேன். கலங்கலாக் கேட்டாலும் அவ கொரலு இருக்கும்லா? ஒண்ணுமே இல்லாமப் போறதுக்கு அது தேவலாம்லா?”

அவர் கொஞ்சநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவலாம் என்று அவர் முகம் சொன்னதை நான் பார்த்தேன். பிறகு தலையை ஆட்டினார்.

“வேண்டாம் டீச்சர். பதினோரு வருசம் அவ மேல ஆளு பாடியாச்சு. இத ஒண்ணையாவது அவ தனியாப் பாடட்டும்.”

நாங்கள் படியில் உட்கார்ந்தோம், டோக்கன் இல்லாமல், ரீத்தம்மாளும் ஃபாதரும் கொடை கமிட்டித் தலைவரும் நகைக்கடைக்காரரும் தெருவில் இருந்த எல்லோரும். ஞானதுரை அண்ணன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணிக்கு அவள் பாடினாள். காய்ச்சல் குரல், ஒவ்வொரு வரிக்கும் மூச்சு முன்னைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகிறது, அதை யாரும் கண்டுபிடிக்காதபடி வார்த்தையைச் சுருக்கிச் சமாளிக்கிறாள், தொழுவத்தில் படுத்திருக்கும் பிள்ளையைத் தூங்கச் சொல்கிறாள், மாடே கத்தாதே, காற்றே அடிக்காதே என்கிறாள். தெருவில் ஒரு சத்தம் இல்லை. நாலு நிமிடம். பிறகு பாட்டு நின்றது, ஒரு சின்ன இருமல், பிறகு அந்தக் கேள்வி.

“சரியா வந்துச்சா?”

அவர் விரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே இருந்தது. அமுக்கவில்லை. நான் கூடத்து வாசல்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு அமுக்கினார்.

“சரியா வந்துச்சு, கனி” என்றார். “ரொம்ப நல்லா வந்துச்சு. நீ போய்ச் சாப்பிடு.”

மற்ற நாளாக இருந்தால் பாட்டு முடிந்த மறு நிமிடமே முதலிலிருந்து தொடங்கியிருக்கும், நான்கு மணிவரை நாற்பது தடவை பாடியிருக்கும். அன்று தொடங்கவில்லை. நாங்கள் இரண்டு மணிவரை இருந்தோம், மூன்று மணிவரை இருந்தோம். சரியாக வந்தது என்று யாரும் சொல்லாததால்தான் இத்தனை நாளும் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறாள் என்பது எங்கள் மண்டைக்கு அப்போதுதான் உறைத்தது. டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான்கு மணிக்குத்தான் ஞானதுரை அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அவர் கை அவரைக் கேட்காமல், பழகிய பழக்கத்தில், பாட்டுத் தொடங்கும்போதே பதிவைப் போட்டிருந்தது, அது மூன்று மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினார். புது ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஓடவிட்டார். ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தவர், கழற்றி, என்னைக் கூப்பிட்டு என் காதில் மாட்டிவிட்டார்.

பாட்டு இல்லை. மைக்குக்கு அவள் கேட்கவில்லை, எப்போதும் போல. நாலு நிமிடம் வெறும் அறை, அவ்வளவு சுத்தமான வெறுமை, பாட்டு இருந்த இடமெல்லாம் காலி. இருமல் இருந்த இடமும் கேள்வி இருந்த இடமும் காலி. அதற்குப் பிறகு, பொத்தான் வழியாகப் போய்ப் பழைய ஹெட்போனின் கிழிந்த மெத்தையில் கசிந்து மைக்கில் விழுந்த ஒரு குரல், எங்கோ தூரத்தில், மெலிந்து, தகரம் மாதிரி. சரியா வந்துச்சு, கனி. ரொம்ப நல்லா வந்துச்சு. நீ போய்ச் சாப்பிடு. கேள்வியே இல்லாத பதில்.

“பாத்தியா பாப்பா” என்றார். “அவ காதுல நான் இப்படித்தான் கேட்டிருக்கேன். இவ்வளவு தூரத்துல.”

 அவர் நோட்டை எடுத்து நானூற்று எட்டு என்று போட்டார், பாடியவர் என்ற இடத்தில் செல்வகனி என்று எழுதினார், அழித்தாச்சு என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். கீழே அண்ணாச்சி மில்லைப் போட்டார், தரை அதிர்ந்தது, மைக் கம்பியில் தொங்கிய ஹெட்போனிலிருந்து கருந்துகள் கொஞ்சம் உதிர்ந்தது.